ஹங்கேரி: பொதுவுடைமை ஆட்சியும் மக்களும்
இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் படையின் பிடிக்குள் வந்த ஹங்கேரியில், 1945 நவம்பர் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு வாக்குகளே கிடைத்தன. எனினும் உள்துறையையும் காவல்துறையையும் கைக்குள் வைத்துக்கொண்டு, பிற கட்சிகளைத் துண்டுதுண்டாக அரிந்து, 1949க்குள் அது மாத்யாஷ் ராக்கோஷியின் தலைமையில் ஒரு கட்சி ஆட்சியை நிறுவியது.

ராக்கோஷி அரசு மக்களிடம் எதிர்பார்த்தது கீழ்ப்படிதலை மட்டுமன்று. வெளிப்படையான ஆர்வத்தையும் அது கட்டாயமாக்கியது. அத்துடன், உழவர்கள் விளைச்சலில் விதிக்கப்பட்ட அளவை அரசுக்கு அளந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயக் கொள்முதல் முறையில், பரணில் இருந்த தானியத்தை விதைக்கு வைத்த கையிருப்பு என்றும் பாராமல் அதிகாரிகள் வழித்தெடுத்துச் சென்றனர். இதைப் 'பரண் பெருக்குதல்' என்றே மக்கள் குறிப்பிட்டனர்.

இத்தகைய கெடுபிடிகளால் மக்களிடம் வளர்ந்த வெறுப்பு 1956 அக்டோபர் 23 அன்று வெடித்தது. மாணவர் ஊர்வலமாகத் தொடங்கிய அந்நாளின் இரவில் புடாபெஸ்டில் இருந்த ஸ்டாலினின் வெண்கலச் சிலை அறுத்து வீழ்த்தப்பட, பீடத்தில் காலணிகள் மட்டும் எஞ்சின. நவம்பர் 4 அன்று நுழைந்த சோவியத் டாங்கிகள் எழுச்சியை நசுக்கின. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர் மாண்டனர், சுமார் 2,00,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதன் பின்னரும் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்து பணிய மறுத்தவை ஆலைகளின் தொழிலாளர் மன்றங்களே என்பதும், தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசு அவற்றையே தடை செய்தது என்பதும் கருதத்தக்கவை.

புதிய தலைவர் யானோஷ் காதார், எழுச்சிக்காலப் பிரதமர் இம்ரே நாகியை 1958இல் தூக்கிலிட்டார். ஆனால் 1963இல் பொதுமன்னிப்பு வழங்கினார். வெளிப்படையாக எதிர்க்காதவர் அனைவரும் நம்மவரே என்பது அவருடைய கொள்கையாயிற்று; அதாவது, நம்பிக்கைக்குப் பதில் மௌனம் போதுமெனப்பட்டது. கூட்டுப்பண்ணை உழவர்கள் சொந்தத்துக்குச் சிறு நிலத்தில் பயிரிட்டு விற்கலாம் என்ற இசைவும், ஆலைகளுக்கு மேலிருந்து உற்பத்தி இலக்கு விதிப்பதைக் கைவிட்ட 1968ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தமும் கடைகளை நிரப்பின. 1956 பற்றிய பேச்சு மட்டும் விலக்கப்பட்டது. அது அதிகாரபூர்வமாக 'எதிர்ப்புரட்சி' எனப்பட்டது.

மௌனத்துக்குப் பதில் நிறைந்த கடைகள் என்ற இந்தச் சொல்லப்படாத உடன்பாட்டை 1970களின் இறுதியிலிருந்து தாங்கி நின்றது வெளிநாட்டுக் கடனே. அது 1989 அளவில் சுமார் 2,000 கோடி டாலரை எட்டியிருந்தது. அதற்குள் பலர் இரண்டாம் வேலை பார்த்தே குடும்பம் நடத்தினர், 1988இல் தனிநபர் வருமான வரியும் வந்தது. அதே ஆண்டு மே மாதம் காதார் தலைமையிலிருந்து அகற்றப்பட்டார். 1989 ஜூன் 16 அன்று நாகியின் உடல் பெருந்திரள் முன்னிலையில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டது. அக்டோபரில் ஆளுங்கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. எனினும், சந்தைப் பொருளாதாரம் வேலையிழப்பையும் விலையேற்றத்தையும் கொண்டுவந்த நிலையில், 1994 தேர்தலில் அக்கட்சியின் வழித்தோன்றலான சோசலிஸ்ட் கட்சிக்கே மக்கள் 386 இடங்களில் 209 இடங்களை வழங்கினர்.