வங்கியும் அரசும்: ஐரோப்பிய நிதி மேற்பார்வையின் வளர்ச்சி

பணம் எல்லை கடந்து செல்லும். அதனைக் கண்காணிக்கும் அதிகாரமோ எல்லைக்குள்ளே நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் எதிர்நோக்கிய நிதிப் பிரச்சினையின் சாரம் இதுவே எனலாம். 1974 யூன் 26ஆந் திகதி மேற்கு ஜேர்மனியின் கொலோன் நகரிலிருந்த ஹேர்ஸ்ரற் வங்கி மூடப்பட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அவ்வங்கிக்கு ஜேர்மன் மார்க்கைச் செலுத்தியிருந்த பிற வங்கிகள், நியூயோர்க்கில் தமக்குரிய டொலரைப் பெறுமுன்னரே அதன் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டின் இறுதியிலே பத்து நாடுகள் குழுவின் மத்திய வங்கி ஆளுநர்கள் பாசல் நகரில் வங்கி மேற்பார்வைக் குழுவொன்றை நிறுவினர். எனினும் அக்குழு நெறிகளை வகுக்கலாமேயன்றி எந்நாட்டையுஞ் சட்டத்தினாற் கட்டுப்படுத்த இயலாது.

1992இற் கைச்சாத்தான மாஸ்ரிக்ற் உடன்படிக்கை பொது நாணயத்துக்கு வழிவகுத்தது. அரசின் ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தையும், பொதுக்கடன் 60 சதவீதத்தையும் மீறலாகாதென அது வரையறுத்தது. 1999இல் 11 நாடுகள் யூரோவை ஏற்றன. நாணயம் பொதுவாயிற்று, வங்கி மேற்பார்வையும் வரியும் தேசிய அரசுகளிடமே எஞ்சின. அரசின் கடனை அளந்த கோல் வங்கியின் கடனை அளக்கவில்லை.

இக்குறைபாட்டின் விளைவை அயர்லாந்தின் வரலாற்றிற் காணலாம். 2007இல் அந்நாட்டின் பொதுக்கடன் 25 சதவீதமளவிலேயே இருந்தது. மாஸ்ரிக்ற் விதிகளின்படி அது முன்மாதிரியான நாடு. 2008 செப்ரெம்பர் இறுதியில் ஆறு வங்கிகளின் பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதமளித்தது. வங்கிகளின் நட்டம் அரசின் நட்டமாயிற்று. 2010 நவம்பரில் 85 பில்லியன் யூரோ உதவித் திட்டத்தை அது நாடவேண்டியதாயிற்று. கடன் பெற்றவர் ஒருவர், அதனை வரியாகவும் சம்பளக் குறைப்பாகவும் இறுத்தவர் வேறொருவர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வனுபவமே சீர்திருத்தங்களுக்கு உந்துதலளித்தது. 2011இல் வங்கி, காப்புறுதி, பிணையங்கள் ஆகிய துறைகளுக்கு மூன்று ஐரோப்பிய அதிகாரசபைகள் இயங்கத் தொடங்கின. தேசிய வரவுசெலவுத் திட்டங்களை முன்கூட்டியே ஒருங்கு நோக்கும் முறையும் அவ்வாண்டிலேயே ஆரம்பமாயிற்று. 2014 நவம்பர் 4ஆந் திகதி யூரோ வலயத்தின் பெருவங்கிகளின் நேரடி மேற்பார்வையை ஐரோப்பிய மத்திய வங்கி பொறுப்பேற்றது. வீழும் வங்கிகளைத் தீர்ப்பதற்கான நிதியம் வங்கிகளின் பங்களிப்பைக் கொண்டே அமைக்கப்பட்டது.

வரியின் கதை வேறு. நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் மீது வரி விதிக்கும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணைக்குழு 2011 செப்ரெம்பரில் வெளியிட்டது. வரி விடயத்தில் அங்கத்துவ நாடுகள் அனைத்தினதும் இணக்கம் வேண்டும். பிரித்தானியாவும் சுவீடனும் எதிர்த்தன. 1980களில் பங்கு வியாபாரத்துக்கு வரி விதித்து, வியாபாரம் இலண்டனுக்குப் பெயர்ந்ததைக் கண்டு 1991இல் அதனைக் கைவிட்ட நாடு சுவீடன். 2013இல் 11 நாடுகள் தனித்து முன்செல்ல அனுமதி பெற்றும் பொதுச் சட்டம் உருவாகவில்லை.

ஆகவே, நெருக்கடி மேற்பார்வை அதிகாரத்தை இடம்பெயரச் செய்ததேயன்றி வரியதிகாரத்தை அசைக்கவில்லை. வரி விதிக்கும் உரிமை பாராளுமன்றங்களின் மூலவுரிமை. அதனை எந்நாடும் எளிதிற் கையளியாது. 2015இல் முன்மொழியப்பட்ட பொது வைப்புக் காப்புறுதியும் இதே தயக்கத்தினாலே தடைப்பட்டது. வெள்ளம் வருமுன் அணை கோலப்பட்டதாயினும், அணை உடைந்தால் எவர் நிலம் மூழ்கும் என்னும் வினாவுக்கு ஐரோப்பா முழு விடையை இன்னும் அளிக்கவில்லை.