லோஷ்பூர் வேடனும் ஸ்டட்கார்ட் பெண்ணும்

லக்சம்பர்க்கின் லோஷ்பூர் பாறை ஒதுக்கில் 1935இல் கிடைத்த ஆணின் எலும்புக்கூடு ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையானது. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் புதைக்கப்பட்ட பெண் அவனுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு பிந்தியவள். இருவரின் முழு மரபணுத் தொகுதியும் 2014இல் ஒரே ஆய்வில் வெளியானது. அன்றைய ஐரோப்பாவை அறிய இவர்களைவிட நல்ல இணை இல்லை என்பேன்.

அவன் வேட்டையாடி உணவு திரட்டிய குடியைச் சேர்ந்தவன். அவனுக்குக் கருந்தோலும் நீலக் கண்ணும் இருந்திருக்கலாம் என்கிறது மரபணு. அவளுக்கு அவனைவிட வெளிறிய தோல், பழுப்புக் கண். அவளுடைய மக்கள் மரத்தால் நெடுவீடுகள் கட்டி, கோதுமையும் பட்டாணியும் விதைத்து, மாடு வளர்த்தவர்கள். ஆனால் வளர்ந்த பிறகு பாலைச் செரிக்க உதவும் மரபணு மாற்றம் அவனைப் போலவே அவளிடமும் இல்லை.

அவளுடைய முன்னோரில் பெரும்பாலோர் இன்றைய துருக்கியான அனதோலியாவிலிருந்து வந்தவர்கள். வேளாண்மை பரவியபோது நகர்ந்தது அறிவு மட்டுமா, மக்களுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். மக்களே ஆண்டுக்குச் சராசரியாக ஒரு கிலோமீட்டர் வீதம் பரவினார்கள் என்று அம்மர்மனும் கவாலி-ஸ்ஃபோர்சாவும் தொல்லியல் சான்றுகளைக் கொண்டு கணித்தார்கள். மத்திய ஐரோப்பாவைப் பொறுத்தவரை அவர்கள் பக்கமே தீர்ப்பு.

அதற்காக, வந்தவர்கள் இருந்தவர்களை அடியோடு துடைத்துவிட்டார்கள் என்று எண்ணுவது தவறு. ஜெர்மனியின் ஹாகன் நகருக்கு அருகிலுள்ள பிளாட்டர்ஹோலே குகையைப் பாருங்கள். வேளாண்மை வந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் இருவகை மக்கள் அந்த ஒரே குகையில் தம் இறந்தோரைப் புதைத்தார்கள். எலும்பிலுள்ள ஐசோடோப்புகளின்படி ஒரு சாரார் கால்நடைகளை நம்பியவர்கள். மறு சாரார் ஆற்றுமீனை உண்டு வாழ்ந்தவர்கள். மீனுண்டவர்களின் தாய்வழி மரபு வேடர்களுடையது. முழு மரபணுவையும் படித்தபோது கலப்பு இரு பக்கமும் தெரிந்தது. அருகருகே வாழ்ந்து, தத்தம் உணவைக் கைவிடாமலே மணஉறவு கொண்ட அந்த மனிதர்கள்தான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பவர்கள்.

கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குள் மத்திய ஐரோப்பிய வேளாண் ஊர்களில் வேடர் மரபின் பங்கு கூடியிருந்தது. வாழ்முறை அப்படி மீளவில்லை. வேடர் மரபு கூடிய பேரர்களும் விதைத்தார்கள், மாடு மேய்த்தார்கள். ஆக, மரபணுவில் நடந்தது கலப்பு. பண்பாட்டில் வென்றது பெரும்பாலும் ஒரு தரப்பே. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பிழை.

பால்டிக் கரையில் கதை வேறு: அங்கே மரபு கலக்காமலே பண்பாடு மாறியது. அனதோலிய மரபு வந்து சேராமலே அங்குள்ள வேடர்கள் மட்பாண்டம் செய்தார்கள்.

சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் புல்வெளி மேய்ப்பர்கள் கிழக்கிலிருந்து வந்து மூன்றாவது மரபைச் சேர்த்தார்கள். இத்தனை கலப்புக்குப் பிறகும், இன்றைய ஐரோப்பியருள் ஸ்டட்கார்ட் பெண்ணுக்கு மரபணுவில் மிக நெருங்கியவர்கள் இத்தாலியின் சார்டினியாத் தீவு மக்கள்.