தேருக்கும் பிக்-அப்புக்கும் ஒரே நூல்!

திருப்பரங்குன்றம் பங்குனித் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாள் முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா, அம்மாவான சொக்கநாதரும் மீனாட்சியும் மதுரையிலிருந்து கிளம்பி வந்து முன்நின்று நடத்தி வைப்பார்கள். மறுநாள் காலை பெரிய தேர் மலையைச் சுற்றப் புறப்படும். அத்தனை பேரும் அண்ணாந்து கலசத்தைப் பார்ப்பார்கள். அடுத்த தடவை போனால் நீங்கள் கீழே பாருங்கள். சக்கரத்தை ஒட்டி, கையில் ஒரு மரக்கட்டையோடு குனிந்தபடியே நடந்து வருகிறார்களே… தேர் எந்தப் பக்கம் போகும் என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது!

காரணம், தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. பிரேக்கும் கிடையாது. அச்சு அசையாது, சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும். மலையைச் சுற்ற வேண்டுமென்றால் தேர் வளைந்தாக வேண்டும். அதற்காக ஒரு பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகுவார்கள். அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் முந்த, தேர் கொஞ்சம் திரும்பும். ஒரு விநாடி பிசகினால் கட்டை போடுகிறவரின் கை சக்கரத்துக்கு அடியில்! 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லையென்றால் தேர் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் போய்த்தான் நிற்கும்.

அதே ஊரில், கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். பூ மூட்டை ஏற்றும் பிக்-அப் ஒன்று வந்தது. ஓட்டி வந்த தம்பி அழகுக்காக வண்டியைத் தரையோடு தாழ்த்தியிருந்தார். இப்போது வண்டி இடது பக்கம் சாய்கிறது, ஸ்டீயரிங்கை விட்டால் ஓரமாக இழுக்கிறது, முன் டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது. ''அலைன்மென்ட் பண்ணிவிடுங்கண்ணே'' என்றார். மெக்கானிக் சிரித்தார். ''மொதல்ல சாய்வை எடுக்கணும் தம்பி. அது போகாம அலைன்மென்ட் பண்ணினா காசுதான் போகும்'' என்றபடி ஒரு நூலை எடுத்து, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரைக்கும் இழுத்துப் பிடித்தார்.

அந்த நூலுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது!

வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டே ஆக வேண்டும். ஐரோப்பாவின் குதிரை வண்டிகளில் முன் அச்சை அப்படியே முழுசாகத் திருப்புவார்கள். அதிகம் திருப்பினால் வண்டியைத் தாங்கும் அகலம் குறைந்து, வண்டி குடை சாய்ந்துவிடும்.

இதற்கு 1750-களின் கடைசியிலேயே வழி யோசித்தவர் ஓர் ஆங்கிலேய டாக்டர். எராஸ்மஸ் டார்வின் என்று பெயர். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினுக்குத் தாத்தா! அச்சு நிலையாக இருக்கட்டும், சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பட்டும் என்பது அவருடைய யோசனை. ஆனால் காப்புரிமை வாங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1768-ல் தானே வடிவமைத்த ஒரு வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்!

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் அதே வழியைச் செய்தே காட்டினார். 1818-ல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்டான ருடால்ஃப் ஆக்கர்மன். இவர் லண்டனில் படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர். கடற்படைத் தளபதி நெல்சன் இறந்தபோது இறுதி ஊர்வல ரதத்தை வடிவமைத்ததும் இவரே. இன்றைக்கும் உலகத்து மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அதை 'ஆக்கர்மன்' முறை என்றுதான் சொல்கிறார்கள். உழைத்த தச்சர் பெயரை யாருக்கும் தெரியாது. என்ன செய்வது?

வண்டியைத் தாழ்த்தும் ஆசையும் புதுசு இல்லை. 1804-ல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் பட்டைகளை வளைத்து அடுக்கிய ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டிக்கு அடியில் நீளமாக ஓடிய கனத்த மரச்சட்டம் தேவையில்லாமல் போயிற்று. வண்டிகள் இலேசாயின, தாழ்ந்தன. அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் பேரப்பிள்ளைதான் நம் லாரிக்கும் பிக்-அப்புக்கும் அடியில் இருப்பது. 1912-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விட ஆரம்பித்த நாளிலிருந்து, இந்த மண்ணின் பட்டறைக்காரர்களுக்கு அது பழகிய சாமான்.

சரி, பூ வண்டிக்கு வருவோம். தாழ்த்தியதும் என்ன ஆகிறது? முன் சக்கரங்கள் தனித்தனி ஸ்பிரிங்கில் நிற்கும் வண்டி என்றால், சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்துவிடும். உள் விளிம்பு தேய்வது அதனால்தான். ஸ்டீயரிங் கம்பிகளின் கோணமும் மாறுவதால், இரண்டு சக்கரங்களும் பார்க்கும் திசை மாறிப்போகும். பின்னால் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைத்த கட்டைகளில் ஒன்று ஒசரம், ஒன்று குட்டை என்றால் வண்டி சாயும். ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்து அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிட்டாலோ, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும்!

நம் மெக்கானிக் செய்ததைக் கவனியுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தினார். டயர்களில் காற்றைச் சமமாக்கினார். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப்பால் அளந்தார். இடது பின்பக்கம் இரண்டு விரற்கடை குறைச்சல். தளர்ந்த ஸ்பிரிங்கையும், ஜோடி சேராத கட்டையையும் மாற்றி உயரத்தைச் சரி செய்தார். அதற்குப் பிறகு சக்கரத்தின் சாய்வு. கடைசியில்தான் திசை. வரிசை மாறினால் ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று கெடும். எல்லாம் முடிந்ததும், ''பேசாம பழைய ஒசரத்துக்கே ஏத்திருங்க தம்பி'' என்று புத்தி சொல்லி அனுப்பினார். நியாயம்தான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

இதே நூல் தேருக்கும் பொருந்தும். திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை! 1927-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. புதுத்தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு நின்றுவிட்டது. மறுபடி 1970-ல் ஓடியபோது, மரச் சக்கரத்துக்குப் பதில் திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வந்திருந்தன. ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தது. நவீன என்ஜினீயரிங் தேருக்கு அடியில் நுழைந்தது. ஆனாலும் வீதி முனையில் திருப்ப, இன்றைக்கும் கிரீஸ் தடவிய இரும்புத் தகடும் கட்டையும் வேண்டியிருக்கிறது!

அடிப்பாகத்தைக் கவனிக்காத இடத்தில் என்ன ஆகும்? 2022 ஜூன் 13. தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளி காளியம்மன் கோயில் தேரோட்டம். அச்சு முறிந்து தேர் அப்படியே சாய்ந்தது. சாமி கும்பிட வந்த இரண்டு பேர் அதன் அடியில் சிக்கி இறந்துபோனார்கள். கலசத்துக்குத் தங்கமுலாம் பூச நன்கொடை தர ஆள் உண்டு. ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் நடுவில் அச்சில் விரிசல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

வண்டியும் அப்படித்தான். மேலே ஸ்டிக்கர், சீரியல் லைட், பாட்டுப் பெட்டி எல்லாம் இருக்கும். கீழே நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான் சாலையைத் தொடுகிறது. உங்கள் உயிரும், எதிரே வருகிறவர் உயிரும் அந்த நாலு உள்ளங்கையில்!

பட்டறையிலிருந்து கிளம்பும்போது மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். பங்குனியில் அவரும் தேர்ப்பக்கம் போவாராம். ''வடம் பிடிப்பீங்களா?'' என்று கேட்டேன்.

''இல்ல சார். எங்கப்பா கட்டை போட்டாரு. இப்ப நான் போடுறேன்'' என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வலது கையில் சுண்டுவிரல் இல்லை.