அரிட்டாபட்டி: கழிஞ்சமலையும் ஒரு பழைய பொறுப்பும்

மதுரை மாவட்டம் மேலூரிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கியிருக்கிறது அரிட்டாபட்டி. ஊரை ஒட்டிய மொட்டைப் பாறைக் குன்றுக்குக் கழிஞ்சமலை என்று பெயர். விடுமுறையில் போகும் நம்மில் பலர் மீனாட்சியம்மன் கோயில், அழகர்கோவில் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இதற்கும் அரைநாள் ஒதுக்கலாம் என்பேன்.

குன்றின் இயற்கைக் குகையில் சமணத் துறவியர் தங்கியிருந்தனர். மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்டது. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்த 'முழாகை'யைச் செய்து கொடுத்தார் என்கிறது அது. முழை என்றால் குகை. கொடுத்தவர் பெயரும் ஊரும் தவிர வேறு எந்தப் பெருமையும் அதில் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சிக்கனம்தான்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, குகையருகே தீர்த்தங்கரர் உருவம் ஒன்றைச் செதுக்குவித்தார் அச்சணந்தி என்னும் சமண முனிவர். அதன் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு குன்றைத் திருப்பிணையன்மலை என்கிறது. உருவத்தைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்றும் சொல்கிறது. அரசன் பேரிலோ மடத்தின் பேரிலோ அல்லாமல், ஊரார் பேரில் எழுதி வைத்த பொறுப்பு!

குன்றின் இன்னொரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிறிய சிவன் கோயில் இருக்கிறது. இடைச்சி மண்டபம் என்கிறார்கள். லிங்கமும் தாய்ப்பாறையிலேயே வெட்டப்பட்டது. வாயிலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பாசுபத சைவத்தின் குரு லகுலீசர். தமிழ்நாட்டில் லகுலீசர் சிற்பங்கள் மிகக் குறைவு. ஆகவே அவசரப்பட்டுத் துவாரபாலகர் என்று கடந்துவிட வேண்டாம்.

பாறைச் சரிவில் வடியும் மழைநீர் சுனைகளிலும் கண்மாய்களிலும் தேங்குகிறது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் இங்கே உண்டு. தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. பறவையினங்கள் மட்டும் 250 அளவில் பதிவாகியிருக்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாக 193 எக்டேர் நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது.

அறிவிப்பு வந்தால் மலை தப்பிவிடும் என்று நினைப்போம். சரியாக இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்த நிலத்தில் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2015 எக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனது தெரியவந்தது. மேலூர்ப் பகுதிக்குக் கல்லுடைப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளைச் சுற்றிலும் பார்த்தவர்கள் அவர்கள். கிராமசபைத் தீர்மானங்கள் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாதிரிக்குடியார் வேலையை இந்தத் தலைமுறை செய்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பாறை சீக்கிரம் சுடும். நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டுகளும் மீனாட்சிபுரத்து மலையில்தான் இருக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.