பதினாறு வயதுப் போர்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற வழியில் திருமுருகன்பூண்டி வந்தாலே காதில் உளிச் சத்தம் விழும். சாலையோரம் வரிசையாகச் சிற்பக் கூடங்கள். பாதி முகம் வந்த பிள்ளையார், கை இன்னும் முளைக்காத அம்மன் என்று வெயிலில் காத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு முறை, குதிரைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு வீரர்களின் சிலையைப் பார்த்தேன். கையில் வாள். காதுவரை முறுக்கிய மீசை. கொங்குநாட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அண்ணன்மார் சாமிகள். பொன்னர், சங்கர்.

"இவங்களுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று சிற்பியிடம் கேட்டேன்.

"சாமிக்கு ஏதுங்க வயசு?" என்று சிரித்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.

நியாயமான பதில்தான். ஆனால் கதை வயதைச் சொல்கிறது. பதினாறு! சிவன் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஆயுள் அவ்வளவுதான். இன்றைய கணக்கில் பிளஸ் ஒன் படிக்கிற பையன்கள். அந்த மீசை நாம் ஒட்டியது.

சரி, கதைக்குப் போவதற்கு முன்னால் பூண்டி கோயிலுக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிடலாம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமாக இந்த வழியே வந்த சுந்தரரை, வேடர்கள் மடக்கிக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்பது தலபுராணம். சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போய், 'இப்படிப்பட்ட ஊரில் உனக்கு என்ன வேலை?' என்கிற தொனியில் சிவனையே ஒரு பிடி பிடிக்கிறார். பறிபோனது திரும்பி வருகிறது. வேடர்களாக வந்தது சிவனின் பூதகணங்களாம். பறிக்கச் சொன்னதும் அவரே, திட்டு வாங்கியதும் அவரே, திருப்பிக் கொடுத்ததும் அவரே! ஒரே நடிகர், எத்தனை வேஷம்!

அண்ணன்மார் கதையும் அப்படித்தான் நடிக்கப்பட்டது. ஒரே ஆள். கையில் ஒரு உடுக்கை. பின்பாட்டுக்குத் துணையாக இன்னொருவர். மேடை கிடையாது, திரை கிடையாது, ஒப்பனை கிடையாது. கோயில் வாசலில் ராத்திரி ஆரம்பித்தால் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வசனம் என்று இரவிரவாகப் போகும். ராஜாவும் அவர்தான், கிழவியும் அவர்தான், காட்டுப்பன்றியும் அவர்தான். முன்வரிசையில் யார்? வேறு யார், பாய் விரித்து இடம்பிடித்த பொடிசுகள்தான்.

அதிர்ஷ்டவசமாக அப்படி ஒரு நிகழ்த்தல் முழுசாக நமக்குக் கிடைத்திருக்கிறது. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். 1965-ல் ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் அங்கே இந்தக் கதையைப் பதினெட்டு இரவுகள் பாட, பெக் அதை டேப்பில் பதிவு செய்தார். (எல்லையில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டதும் அதே 1965-ல்தான்.) பின்னாளில் கதையைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு, 'மூன்று இரட்டையர்'. பி.காம். படித்த எனக்கே கணக்கு உதைத்தது. விஷயம் இதுதான். தாமரை நாச்சி வருஷக்கணக்கில் தவமிருந்து ஒரே பிரசவத்தில் பெற்றது மூன்று. பொன்னர், சங்கர், கூடவே தங்காள். ஆக, தங்கைக்கும் அதே வயசு.

இனி போருக்கு வருவோம். அண்ணன்மார் உழவர் பக்கம். எதிரே காட்டைக் காக்கும் வேட்டுவர். காட்டைத் திருத்திக் கழனியாக்குகிறவனுக்கும், காடே வாழ்க்கையாக இருக்கிறவனுக்கும் நடந்த நிலத் தகராறு என்று வரலாற்று ஆசிரியர் ஒரு வரியில் முடித்துவிடுவார். தப்பில்லை. ஆனால் உடுக்கைக்காரர் அப்படி ஆரம்பிக்க மாட்டார். முன்வரிசை தூங்கிவிடுமே!

அவர் கிளியிலிருந்து தொடங்குவார். தங்காள் ஒரு ஜோடிக் கிளி வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் காட்டுக்கு ஆள் அம்போடு போகிறார்கள். கிடைப்பது ஒன்று. தப்பித்த இன்னொன்று வேட்டுவர் பக்கம் போய் அழுகிறது. அடுத்து கொம்பன் என்கிற ராட்சசப் பன்றி வந்து வயலைக் கலைக்கிறது. அதை வீழ்த்துவது யார் தெரியுமா? 'இது எதுக்கு?' என்று வேட்டைக்குக் கூட்டிப் போகாமல் விட்டுவிட்டுப் போன பொன்னாச்சி என்ற குட்டி நாய்! கோபித்துக்கொண்ட நாயிடம் மாவீரர்கள் இறங்கிவந்த பிறகுதான் காரியம் நடக்கிறது. எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது?

அப்படியே சிரிக்கவைத்துக்கொண்டே ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கேதான் ஒற்றை ஆள் நாடகத்தின் சூட்சுமம் இருக்கிறது. நாலு பேர் நடித்தால் ஒருவன் நல்லவன், ஒருவன் வில்லன் என்று பிரித்துவிடலாம். ஒரே தொண்டை என்றால்? அண்ணன்மாருக்காகக் கர்ஜித்த அதே குரல்தான் அடுத்த நிமிடம் வேட்டுவனாகவும் பேசியாக வேண்டும். அந்தப் பக்கமும் ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் வீரத்தங்காள். கொம்பனை வளர்த்தவள் அவள்தான். பன்றி செத்தால் நமக்கு வெற்றி, அவளுக்கு இழவு. ஒரே பேரேட்டில் இரண்டு பக்கமும் எழுதுகிற கணக்கப்பிள்ளை மாதிரி, பாடகர் யாருடைய நஷ்டத்தையும் மறைக்க முடியாது.

சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கையிலிருக்கும் ஒற்றைத் தம்பூராதான் பீமனின் கதாயுதமாகும், திரௌபதியின் கூந்தலுமாகும். அடிக்கிற ஆயுதமும் அவமானப்பட்ட கூந்தலும் ஒரே பொருள். மகாபாரதப் போரையே இப்படி ஒற்றை ஆளாக நின்று சொன்னவருக்கு 2019-ல் பத்மவிபூஷண் கிடைத்தது.

நம் கதையின் முடிவுக்கு வருவோம். பதினாறு வருஷம் முடிகிறது. சங்கர் தன் வாள்மேல் தானே விழுந்து சாகிறான். பொன்னரும் அதே வழியில். படுகளம் முழுக்கப் பிணங்கள். இங்கே கதை வெற்றி முரசு கொட்டவில்லை. தங்காளின் பின்னால் போகிறது. கிளி கேட்ட அதே பெண், பிணங்களுக்கு நடுவே அண்ணன்களைத் தேடி நடக்கிறாள். கண்டுபிடிக்கிறாள். தெய்வத்தின் துணையோடு எழுப்புகிறாள். எழுந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசுகிறார்கள். 'எங்கள் காலம் முடிந்துவிட்டது' என்று மறுபடி சாய்கிறார்கள். ஒரு யுத்தத்தை இதைவிடச் சுருக்கமாக யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இன்றும் கோயில் விழாக்களில் படுகளம் நடக்கிறது. அருள் வந்தவர்கள் பட்டு விழுவார்கள். அவர்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்தப்படும். பிறகு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். நிஜப் போரில் கிடைக்காத சலுகை!

இதே கதையைக் கருணாநிதி 'பொன்னர் - சங்கர்' நாவலாக எழுதினார். 2011-ல் படமாகவும் வந்தது. இரட்டை வேடத்தில் பிரசாந்த். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயசு. பெக், தான் டேப்பில் பிடித்த கதையைப் பின்னாளில் 26 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் படமாக்கினார். பாய் விரித்து உட்கார்ந்த முன்வரிசைக்கே கதையைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

ஜாதிப் பெருமைக்காக இந்தக் கதையைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எதிரி என்று சொல்லப்பட்டதால் மனம் நோகிறவர்களும் இருக்கிறார்கள். உடுக்கைக்காரர் ஒரே தொண்டையில் சேர்த்து வைத்ததை நாம் இரண்டாகக் கிழித்துக்கொண்டோம். அடுத்த முறை பூண்டி பக்கம் போனால் அந்த மீசையைக் கொஞ்சம் மறைத்துவிட்டுச் சிலையைப் பாருங்கள். குதிரைமேல் இரண்டு பையன்கள் தெரிவார்கள். எங்கேயோ ஒரு பெண் கிளிக்காகக் காத்திருக்கிறாள். காட்டுக்குள்ளும் ஒருத்தி, தன் பன்றி திரும்பி வரும் என்று.