கரிசலாங்கண்ணித் தைலம்

கரிசாலை என்றும் வழங்கும் கரிசலாங்கண்ணியின் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சி எடுக்கும் தலைத்தைலம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கரிசாலை தானாகவே முளைக்கும். நல்லெண்ணெய் தரும் எள்ளுக்கும் இந்தப் பகுதியோடு தொடர்பு உண்டு: டிஎம்வி வரிசை எள் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் தந்தவை.

கரிசாலையில் வெடலோலாக்டோன், எள்ளில் செசமின், செசமோலின் ஆகிய ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உண்டு. ஆக்சிஜனேற்ற அழுத்தம் மயிர்க்கால் செல்களை விரைவில் மூப்படையச் செய்யக்கூடும். 2008இல் வெளியான இந்திய ஆய்வில், கரிசாலைச் சத்து பூசிய எலிகளுக்கு முடி வேகமாக வளர்ந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எலித்தோல் மனிதத் தலையாகாது. ஆண் வழுக்கைக்கு மனிதரிடம் நன்கு சோதிக்கப்பட்டவை மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும். இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோ முடி கொட்டினால் அந்தக் குறையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.