மார்பக சுயபரிசோதனை: 20 வயசுல எதுக்கு?

இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான். அரசின் பரிசோதனைத் திட்டமோ 30 வயதில்தான் தொடங்குகிறது. 30-49 வயதில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை: 0.9% (தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21).

அப்போ சாந்திபுரத்திலிருந்து திருப்பதிக்குப் படிக்கப் போகும் 20 வயது மாணவி?

சுயபரிசோதனை மட்டும் போதாது. 2.66 லட்சம் பெண்களிடம் நடந்த ஷாங்காய் ஆய்வில் (2002) அதனால் இறப்பு குறையவில்லை. ஆனால் உடலின் இயல்பு தெரிந்தால்தான் மாற்றம் தெரியும்.

எப்போ? மாதவிடாய் முடிந்த சில நாளில்.

எதைப் பார்க்கணும்? கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு.

இந்த வயதில் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். திருப்பதியில் ஸ்விம்ஸ், ஊரில் என்றால் குப்பம் பி.இ.எஸ். மருத்துவமனை. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீங்க.